துடைப்பத்தில் பறக்க ஒரு ரோபோ கை

கதையில் ஒரு பையனைத் துடைப்பத்தில் ஏற்றிப் பறக்கவிட ஒரு வரி போதும். அதையே ஃபுளோரிடா வெயிலில், காலையிலிருந்து இரவு வரை, எட்டு வயதுப் பேரனையும் அறுபத்தைந்து வயதுத் தாத்தாவையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து, ஒருவருக்கும் சிராய்ப்புக்கூட இல்லாமல் செய்து காட்டுங்கள் என்றால் எழுத்தாளர் மெல்லக் கழன்றுகொள்வார். வேலை பொறியாளர் தலையில் விழும். அவரிடம் மந்திரம் கிடையாது. ஈர்ப்பு விசை, மின்மோட்டார், கண்ணாடி, இவற்றோடு மனித மூளையின் சில பலவீனங்கள்தான் அவர் கைவசம் இருப்பவை. இந்தக் கடைசிச் சரக்குதான் விலைமதிப்பில்லாதது.

2010 ஜூன் 18 அன்று ஆர்லாண்டோ நகரின் ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வென்ச்சர் தீம் பார்க்கில் ஹாரி பாட்டர் கதைகளின் மந்திர உலகம் திறக்கப்பட்டது. பனி போர்த்திய கூரைகளோடு ஹாக்ஸ்மீட் கிராமம், பின்னால் பாறைமேல் ஹாக்வார்ட்ஸ் கோட்டை. 2014 ஜூலையில் பக்கத்துப் பார்க்கில் டயகன் ஆலி கடைத்தெரு வந்தது. ஒசாகா, ஹாலிவுட், பெய்ஜிங் என்று கிளைகள் முளைத்தன. 2025 மே மாதம் ஆர்லாண்டோவிலேயே எபிக் யுனிவர்ஸ் என்ற புதிய பார்க்கில் மந்திர அமைச்சகமும் திறந்தாயிற்று. ஹாரி பாட்டர் உலகம் திறப்பதற்கு முந்தைய ஆண்டான 2009இல் ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வென்ச்சருக்கு வந்தவர்கள் சுமார் 46 லட்சம் பேர் என்பது இத்துறையினரின் மதிப்பீடு. 2011இல் அது 76 லட்சத்தைத் தாண்டிவிட்டது. நாளொன்றுக்குச் சராசரியாக 21 ஆயிரம் பேர். இந்த 21 ஆயிரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மந்திரத்துக்கு முதல் எதிரி அதுதான்.

கோட்டைக்குள் இருக்கும் சவாரியின் பெயர் 'ஃபர்பிடன் ஜர்னி'. நால்வர் உட்காரும் ஒரு பெஞ்சு. தோளுக்குமேல் ஒரு சட்டம் இறங்கிப் பூட்டிக்கொள்ளும். அடுத்த சில நிமிடங்களுக்கு நீங்கள் கோட்டையைச் சுற்றிப் பறக்கிறீர்கள், டிராகனிடமிருந்து தப்புகிறீர்கள், பெரிய சிலந்தியின் எச்சிலில் நனைகிறீர்கள், உதைக்கும் மரத்தின் கிளைகளுக்கிடையே நெளிகிறீர்கள். பெஞ்சைத் தாங்கியிருப்பது ஒரு ரோபோ கை. ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத்து கூகா நிறுவனத்தின் தயாரிப்பு. ஆறு அச்சுகளில் அசையும் மின்ரோபோவை 1973லேயே செய்துகாட்டிய கம்பெனி அது. கார் தொழிற்சாலைகளில் பற்றவைக்கும் வேலையைச் செய்கிற அதே சாதிக் கை. கையின் நுனியில் வெல்டிங் கருவிக்குப் பதில் நான்கு மனிதர்கள்.

இந்தக் கை ஒரு தண்டவாளத்தின்மேல் நகர்ந்துகொண்டே இருக்கிறது. சில இடங்களில் நிஜமான அரங்கப் பொம்மைகள் முன் உங்களைக் கொண்டுபோய் நிறுத்துகிறது. சில இடங்களில் பார்வையை முழுக்க மூடுகிற கவிகைத் திரை எதிரே வருகிறது. இங்கே ஒரு அழகான சூட்சுமம் இருக்கிறது. அந்தத் திரையும் பெஞ்சோடு சேர்ந்து நகர்கிறது. பெரிய வட்ட மேடையில் பல திரைகள் சுற்றிவர, ஒவ்வொரு பெஞ்சும் தனக்கு வாய்த்த திரையோடு கொஞ்ச தூரம் கூடவே பயணம் செய்கிறது. மணிக்கு நூறு கிலோமீட்டரில் பறப்பதாக நீங்கள் அலறும் அந்த நொடியில், திரைக்கும் உங்களுக்குமான தூரம் மாறவே இல்லை.

அப்படியானால் பறந்தது யார்?

விடை காதுக்குள் இருக்கிறது. நாம் கேட்பதற்காக வைத்திருக்கும் உறுப்பின் உட்பகுதியில் அசைவை அளக்கிற தனி இலாகா ஒன்று உண்டு. ஒவ்வொரு செவியிலும் மூன்று அரைவட்டக் குழல்கள், உள்ளே திரவம். தலையைத் திருப்பினால் குழல் திரும்பும், திரவம் சற்றுப் பின்தங்கும், அந்த வித்தியாசத்தை நுண்மயிர்கள் மூளைக்குச் சொல்லும். இவை சுழற்சியைக் கவனிப்பவை. நேர்கோட்டு வேகமாற்றத்தையும் சாய்வையும் கவனிக்க வேறு இரண்டு பைகள் உண்டு. அவற்றில் கூழ் போன்ற படலத்தின்மேல் கால்சியம் கார்பனேட் துகள்கள் பதிந்திருக்கின்றன. செவிக்கற்கள் என்பார்கள். வண்டி திடீரென்று கிளம்பினால் இந்தக் கற்கள் பின்னால் சரியும். மூளை 'முன்னே போகிறோம்' என்று குறித்துக்கொள்ளும்.

இந்த இலாகாவின் ஊழியர்கள் கெட்டிக்காரர்கள், ஆனால் அவர்களிடம் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. சீரான வேகம் அவர்களுக்குத் தெரியாது. மாற்றம் மட்டும்தான் தெரியும். விமானம் மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது காப்பி குடிக்க முடிவது அதனால்தான். இரண்டாவது ஓட்டை இன்னும் சுவாரசியமானது. முன்னோக்கி முடுக்கப்படுவதற்கும் முதுகுப்பக்கம் சாய்க்கப்படுவதற்கும் அவர்களால் வித்தியாசம் சொல்ல முடியாது. இரண்டிலும் கற்கள் பின்னால் சரிகின்றன. ஈர்ப்பும் முடுக்கமும் உள்ளிருப்பவருக்கு ஒன்றே என்ற அந்த உண்மையிலிருந்துதான் ஐன்ஸ்டைன் பொதுச் சார்பியலுக்குப் போனார். தீம் பார்க்குக்காரர்கள் டிக்கெட் கவுன்டருக்குப் போனார்கள்.

கணக்கைப் பாருங்கள். இருக்கையை 30 பாகை பின்னால் சாய்த்தால் உங்கள் எடையில் பாதி முதுகை அழுத்தும். எதிரே திரையில் காட்சி உங்களை நோக்கிப் பாய்ந்து வந்தால், 'நான் சாய்ந்திருக்கிறேன்' என்று மூளை நினைக்காது. 'புறப்பட்டுவிட்டேன்' என்றே நினைக்கும். பூச்சியத்திலிருந்து மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தை ஏறத்தாழ மூன்றரை நொடியில் எட்டுகிற வண்டி தரும் அழுத்தம் அது. ஓர் அங்குலம்கூட ஓடாமல் கிடைத்துவிடுகிறது. சாய்ப்பதை நொடிக்கு இரண்டு மூன்று பாகை என்ற மெதுவான கதியில் செய்தால் அரைவட்டக் குழல்களுக்கும் விஷயம் பெரும்பாலும் தெரியாது. விமானிகளுக்குப் பயிற்சி தரும் சிமுலேட்டர்களின் அடிப்படை இதுதான். டிஸ்னிலாந்து 1987இல் 'ஸ்டார் டூர்ஸ்' விண்வெளிச் சவாரியை அமைத்தபோது அந்தச் சிமுலேட்டர் தொழில்நுட்பத்தைத்தான் எடுத்துக்கொண்டது.

மீதியைக் கண் பார்த்துக்கொள்ளும். ஸ்டேஷனில் பக்கத்து ரயில் நகர, நம் ரயில் கிளம்பிவிட்டதாக ஒரு நொடி ஏமாறுவோமே, அதுதான் விஷயம். பார்வையின் ஓரங்கள் முழுக்க ஒரே திசையில் நகர்ந்தால், 'உலகம் ஓடுகிறது' என்று மூளை ஒருபோதும் தீர்ப்புச் சொல்லாது. 'நான்தான் ஓடுகிறேன்' என்றே சொல்லும். கோடிக்கணக்கான ஆண்டுப் பரிணாமத்தில் உலகம் மொத்தமாக நகர்ந்ததாக ஒரு வழக்கும் வந்ததில்லை.

இதைக் காசாக்கலாம் என்று முதலில் கண்டுபிடித்தவர்கள் கணினிக்காரர்கள் இல்லை. 1894இல் சான் பிரான்சிஸ்கோ பொருட்காட்சியில் 'பேய் ஊஞ்சல்' ஒன்று இருந்தது. ஓர் அறை, நடுவே கூரையிலிருந்து தொங்கும் பெரிய ஊஞ்சல், அறையில் மேசை, நாற்காலி, விளக்கு எல்லாம். கதவைச் சாத்திவிட்டு ஆட்டத் தொடங்குவார்கள். ஊஞ்சல் மேலே மேலே போய்க் கடைசியில் கூரையைச் சுற்றி முழு வட்டம் அடிக்கும். உள்ளிருப்பவர்கள் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு கத்துவார்கள். உண்மையில் ஊஞ்சல் கொஞ்சம் ஆடியதோடு சரி. சுற்றியது அறை. சாமான்கள் எல்லாம் தரையில் அறையப்பட்டவை. இந்த அனுபவத்தை 1895இல் உளவியல் ஆய்விதழில் எழுதியவர் ராபர்ட் வுட் என்ற இயற்பியலாளர். தள்ளாடியபடி வெளியே வந்தவர்களைப் பற்றியும் குமட்டலைப் பற்றியும் அவர் குறிப்பிடுகிறார். பிற்காலத்தில், பிரான்ஸில் ஒருவர் கண்டுபிடித்ததாகச் சொன்ன 'என்-கதிர்கள்' வெறும் மனப்பிரமை என்று நேரில் போய் அம்பலப்படுத்தியவர் இதே வுட். அப்பேர்ப்பட்டவரும் அக்கறையாக உட்கார்ந்து எழுதும் அளவுக்கு அந்த ஊஞ்சல் இருந்திருக்கிறது. தந்திரம் தெரிந்திருந்தால் ஏமாற மாட்டோம் என்பது இந்த விஷயத்தில் செல்லாது. அறிவுக்கும் உட்செவிக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

குமட்டல் ஏன் என்பதற்கு மிஷெல் டிரைஸ்மன் என்பவர் 1977இல் ஒரு விளக்கம் சொன்னார். கண் ஒன்று சொல்லி, காது வேறொன்று சொன்னால், பழங்கால மூளைக்குத் தெரிந்த ஒரே காரணம் விஷம். எதையோ தின்றுவிட்டோம், வெளியே தள்ளு என்று கட்டளை போகிறது. இது கருதுகோள்தான், ஆனால் இதைவிட அழகான கருதுகோளை நான் பார்த்ததில்லை. திரையும் ரோபோ கையும் ஒரு துளி நேரம் தப்பினாலும் இந்தச் சண்டை மூண்டுவிடும். ஆகவே சவாரியை வடிவமைப்பவர்களின் உழைப்பில் பெரும்பகுதி இந்த இரண்டையும் ஒரே தாளத்தில் வைப்பதற்கே போகிறது.

இனி கண்ணை மட்டும் ஏமாற்றும் கலை. லண்டன் கிங்ஸ் க்ராஸ் ரயில் நிலையத்தின் ஒன்பதே முக்காலாம் நடைமேடைக்குச் சுவருக்குள் நுழைந்து போக வேண்டும் என்பது கதை. ஆர்லாண்டோவில் அதைச் செய்கிறார்கள். வரிசையில் நிற்கும் நீங்கள் பார்க்கும்போது, உங்களுக்கு முன்னே போனவர் பெட்டியும் கையுமாகச் செங்கல் சுவருக்குள் கரைந்துபோகிறார். உங்கள் முறை வருகிறது; ஆவலோடு நடக்கிறீர்கள்; சாதாரணமான ஒரு நடைபாதைதான் இருக்கிறது. அற்புதம் அதை நிகழ்த்துபவருக்குத் தெரிவதில்லை, பின்னால் நிற்பவருக்கு மட்டும்தான். காரணம், சாய்வாக வைத்த கண்ணாடியும் அதில் பிரதிபலிக்கும் சுவரும் சரியான கோணத்திலிருந்து பார்ப்பவருக்கு மட்டுமே ஒன்றாகப் பொருந்தும்.

இதற்குத் தாத்தா முறை 'பெப்பரின் பேய்'. ஹென்ரி டிர்க்ஸ் என்பவர் யோசித்ததை ஜான் ஹென்ரி பெப்பர் மேடைக்கு ஏற்றபடி மாற்றி, 1862இல் லண்டனில் காட்டினார். பார்வையாளருக்குத் தெரியாமல் மேடையில் ஒரு பெரிய கண்ணாடித் தகடு. கீழே மறைவிடத்தில் விளக்கொளியில் ஒரு நடிகர். அவருடைய பிரதிபிம்பம் மேடையில் உலாவும் பேய். டிஸ்னிலாந்தில் 1969இல் திறந்த 'பேய் மாளிகை'யின் நடன அறையில் சுழன்று ஆடும் ஆவிகள் இதே வித்தைதான். அங்கே பயணிகளை ஏற்றிச் செல்லும் சிறு வண்டிகள் தேவைக்கேற்பத் திரும்பிக்கொள்ளும். நீங்கள் எதைப் பார்க்கலாம், எந்தப் பக்கம் தலையைத் திருப்பக்கூடாது என்பதை வண்டி தீர்மானிக்கிறது. என்னைக் கேட்டால் தீம் பார்க் மந்திரத்தின் சாரமே இதுதான்: பார்ப்பவரின் கண் எந்த நொடியில் எங்கே இருக்கும் என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால், எந்த அற்புதத்தையும் கட்டலாம்.

கோட்டையும் அப்படித்தான். மேலே போகப்போகக் கோபுரங்களையும் சாளரங்களையும் சிறிதாக்கிக்கொண்டே போனால், கீழிருந்து அண்ணாந்து பார்ப்பவருக்கு உயரம் கூடித் தெரியும். 1955இல் டிஸ்னிலாந்து கட்டிய கோட்டை வெறும் 77 அடிதான், பார்த்தால் நம்ப மாட்டீர்கள். ஹாக்வார்ட்ஸ் கோட்டைக்குப் பின்னால், சவாரி உண்மையில் நடக்கும் இடம் பெரிய கிடங்கு போன்ற ஒரு பெட்டிக் கட்டடம். பார்க்கின் பாதைகளிலிருந்து அது கண்ணில் படாதபடி எல்லாவற்றையும் அமைத்திருக்கிறார்கள். இரண்டு பார்க்குகளையும் இணைக்கும் ஹாக்வார்ட்ஸ் எக்ஸ்பிரஸ் ரயிலும் கம்பிவடம் இழுக்கும் வண்டிதான். நீராவி எஞ்சின் ஒப்பனை மட்டும். இரண்டு ரயில்கள், நடுவழியில் ஒன்றையொன்று விலகிச் செல்ல ஒரு கிளைப்பாதை. பழனி மலை விஞ்சில் ஏறியவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. ஜன்னல்கள் திரைகள், வெளியே ஸ்காட்லாந்தின் மலைகள் ஓடும். நிஜ ஜன்னல் என்றால் ஃபுளோரிடாவின் பார்க்கிங் இடங்களைப் பார்த்துக்கொண்டு போக வேண்டியதுதான்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது விலை குறைந்த ஒரு சாதனம்: மந்திரக்கோல். டயகன் ஆலியோடு 2014இல் வந்தது. தரையில் பதித்த பித்தளை வட்டத்தின்மேல் நின்று, அதில் வரைந்திருக்கும் கோட்டின்படி கோலைச் சுழற்றினால் கடை ஜன்னலுக்குள் ஏதாவது நடக்கும்: பொம்மை ஆடும், விளக்கு எரியும், தண்ணீர் பீய்ச்சும். 2014இல் வந்த அந்தக் கோலுக்குள் பேட்டரி கிடையாது. நுனியில் ஒரு சிறு பிரதிபலிப்பான் மட்டும். சாலைப் பலகைகள் நம் ஹெட்லைட் வெளிச்சத்தை நமக்கே திருப்பி அனுப்புகின்றனவே, அந்த ரகம். ஒளி எந்தத் திசையிலிருந்து வந்ததோ அந்தத் திசைக்கே திரும்பும். ஜன்னலுக்குள் மறைந்திருக்கும் கேமராவின் பக்கத்தில் அகச்சிவப்பு விளக்கு. நம் கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளியில் கோலின் நுனி மட்டும் பளிச்சென்று ஒரு புள்ளியாகக் கேமராவுக்குத் தெரியும். புள்ளி போன வழியைக் கணினி வரைந்து, தன்னிடம் உள்ள வடிவத்தோடு ஒப்பிடுகிறது. பொருந்தினால் மோட்டாருக்கு உத்தரவு.

பல சமயம் பொருந்துவதில்லை. குழந்தை மூன்று முறை வீசும், ஒன்றும் நடக்காது. அங்கி அணிந்த ஊழியர் ஒருவர் வந்து மணிக்கட்டைத் திருத்துவார். நான்காவது முறை தண்ணீர் பீய்ச்சும்போது அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்க்க வேண்டும்! ஒரு பொத்தானை வைத்திருந்தால் நூற்றுக்கு நூறு வேலை செய்திருக்கும். யாரும் அதை மந்திரம் என்று நினைத்திருக்க மாட்டார்கள். தவறக்கூடியது என்பதாலேயே கோல் நிஜமாகிறது. கோடிகளைக் கொட்டிச் செய்த ரோபோ கையில் நீங்கள் பயணி. இங்கே நீங்கள் மந்திரவாதி.

சரி, கதையில் வரும் வேறு சில மந்திரங்களையும் கட்டிப் பார்ப்போம்.

மாயப் போர்வை. 2006இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்மித் குழுவினர், லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஜான் பெண்ட்ரியின் கோட்பாட்டை வைத்து ஒரு சிறு செம்பு உருளையை மறைத்தே காட்டினார்கள். ஆனால் மறைந்தது நுண்ணலைகளுக்கு மட்டும். கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்தது. தீம் பார்க்குக்கு ஆகாது. டோக்கியோவின் சுசுமு டாச்சி 2003 வாக்கில் காட்டிய வழி ஆகும். மந்திரக்கோல் நுனியில் உள்ள அதே வகைப் பொருளால் ஒரு கோட்டு தைத்து, கோட்டுக்குப் பின்னால் உள்ள காட்சியைக் கேமராவில் பிடித்து, முன்னாலிருந்து கோட்டின்மேலேயே வீழ்த்தினால், போட்டிருப்பவரின் உடலை ஊடுருவிப் பின்னால் போகும் ஆட்கள் தெரிவார்கள். ஒரே குறை, புரொஜெக்டர் இருக்கும் அச்சிலிருந்து பார்த்தால்தான் பலிக்கும். தெருவில் இது பெரிய குறை. சவாரியில் குறையே இல்லை; பயணியின் கண்ணை எங்கே நிறுத்துவது என்பது நம் கையில்தானே இருக்கிறது.

அடுப்புக்குள் நுழைந்து வேறு ஊரில் வெளியே வருவதும் எளிதுதான். ஃபுளோரிடாவின் எப்காட் பார்க்கில் 1986இல் 'ஹைட்ரோலேட்டர்' என்றொரு லிஃப்ட் இருந்தது. கடலடிக்கு இறங்குவதாக எல்லோரும் நம்பினார்கள். ஜன்னலுக்கு வெளியே குமிழிகள் மேலே ஓடின, தரை லேசாக நடுங்கியது, அவ்வளவுதான். மறுபக்கக் கதவு அதே தளத்தில் திறந்தது.

கடைசியில் துடைப்பம். குச்சியில் உட்காருவது எவ்வளவு சங்கடம் என்று கதையை எழுதிய ரௌலிங்குக்கே தெரிந்திருக்கிறது. 'குவிடிச் த்ரூ தி ஏஜஸ்' துணைநூலில், கண்ணுக்குத் தெரியாத மெத்தை ஒன்றைத் தரும் மந்திரத்தை 1820இல் ஒருவர் கண்டுபிடித்ததாக எழுதி வைத்திருக்கிறார். அந்த மெத்தையை டிஸ்னி 2017இல் வேறொரு கதைக்காகச் செய்துவிட்டது. 'அவதார்' படத்தை வைத்து அமைத்த 'ஃப்ளைட் ஆஃப் பேசேஜ்' சவாரியில், மோட்டார் பைக்கில் உட்காருவதுபோல் கால்களை இருபக்கமும் போட்டு முன்னால் சாய்ந்துகொள்ளலாம். பின்னாலிருந்து ஒரு தடுப்பு முதுகைப் பிடித்துக்கொள்ளும். தொடைகளுக்கு நடுவே இருக்கை விம்மித் தணியும். நீங்கள் ஏறியிருக்கும் பறக்கும் விலங்கு மூச்சுவிடுகிறதாம். இதையே துடைப்பமாக்குவது ஓர் ஆண்டு வேலை.

சிக்கல் எண்ணிக்கையில்தான். எட்டு நொடிக்கு ஒரு நால்வர் பெஞ்சு அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். மணிக்கு 450 பெஞ்சு, 1,800 பேர். பத்து மணி நேரத்தில் 18 ஆயிரம். 21 ஆயிரம் பேர் வரும் இடத்தில் ஓரளவு சமாளிக்கலாம். அதனால்தான் ஃபர்பிடன் ஜர்னியில் பெஞ்சு நிற்பதே இல்லை; நகரும் மேடைமேல் நடந்தபடியே ஏறி உட்கார வேண்டும். ஆளுக்கொரு துடைப்பம் தனியாக என்றால் நாளைக்கு 4,500 பேர். ஐந்தில் ஒருவருக்கும் சற்றே மேல்தான் கிடைக்கும். மற்றவர்கள் வரிசையில் நின்று திரும்பிப் போவார்கள். வி.ஆர். கண்ணாடி மாட்டிவிட்டால் என்ன என்று கேட்கலாம். இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸ் பார்க் 2016இல் ஒரு ரோலர் கோஸ்டரில் மாட்டிப் பார்த்து, சில ஆண்டுகளிலேயே கைவிட்டது. ஒவ்வொருவருக்கும் கண்ணாடியை மாட்டி, சரிபார்த்து, கழற்றித் துடைப்பதற்குள் வரிசை நீண்டுகொண்டே போகும்.

எனவே என் கணக்கில் துடைப்பச் சவாரி சாத்தியம், பத்துப் பதினைந்து பேர் பக்கம் பக்கமாக ஒரே திரையைப் பார்த்து உட்காருகிற வகையில். அணிக்கு ஏழு பேராகப் பதினான்கு பேர் ஒரே வானில் அவரவர் இஷ்டப்படி பறக்கும் குவிடிச் ஆட்டம் நடக்காது. அதில் யார் கண் எங்கே இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆர்லாண்டோ வரை போக வேண்டியதில்லை. பெரிய மால்களில் ஆடும் இருக்கைகளோடு சிறு தியேட்டர்கள் இப்போது வந்துவிட்டன. உட்கார்ந்தால், படம் உச்சத்துக்கு வரும்போது பத்து நொடி கண்ணை மூடிக்கொள்ளுங்கள். இயந்திரம் எவ்வளவு கொஞ்சமாக அசைகிறது என்று உடனே தெரிந்துவிடும். தலைசுற்றிக் குமட்டுகிறவர்களுக்கு முதலுதவியும் அதுதான்.